ஜிம்னியா, ஸ்விஃப்ட்டா? வீடு நாமக்கல், தோட்டம் கொல்லிமலை

மிளகுக்கொடி

வணக்கம். புது வண்டி எடுக்கணும். மாருதியில ஜிம்னி ஸீட்டா மேனுவல் (நாலு சக்கரமும் இழுக்குற 4x4), ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ மேனுவல், இது ரெண்டுல ஒண்ணுன்னு வந்து நிக்குது.

ஓட்டம்: நாமக்கல் டவுனுக்குள்ள தினசரி, மாசம் ரெண்டு தடவை கொல்லிமலை. மொத்தம் மாசம் 1000 கிமீ வரும். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேடு தாண்டி தார் ரோடு முடியுற இடத்துல இருந்து தோட்டத்துக்கு 2 கிமீ மண் பாதை. டிராக்டரும் ஜீப்பும் ஓடி ஓடி ரெண்டு பக்கம் பள்ளம், நடுவுல மேடு. அதுல ஒரு 150 மீட்டர் நல்ல ஏத்தம். கோடையில பிரச்சினை இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில செம்மண் வழவழன்னு ஆயிடும். இப்ப தார் ரோட்டோட நிறுத்திட்டு ஜீப் வாடகைக்குப் பிடிக்கிறோம்.

நாலு பேர் குடும்பம், அம்மாவும் சில சமயம் வருவாங்க. மிளகு மூட்டை ஒண்ணு ரெண்டு ஏத்தணும். கடனோட சேர்த்து 15 லட்சம் வரை போகலாம். ஜிம்னி கொஞ்சம் கிறுக்கு வண்டிதான், தெரியும். ஆனா பிடிச்சிருக்கு. வீட்ல எல்லாரும் ஸ்விஃப்ட் கட்சி.

கணக்குப்பிள்ளை

முதலில் அம்மா விஷயம். இங்கே விற்கும் ஐந்து கதவு ஜிம்னி நான்கு பேருக்கான வண்டி. ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 4 என்றுதான் வரும். பின்னால் நடுவில் உட்காருபவருக்கு பெல்ட் இல்லை. ஐந்து பேராகப் போய் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். அம்மா வருவது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையா, மாதா மாதமா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிம்னியின் நீளம் 3985 மிமீ, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் இன்ஜின் 1462 சிசி. அதனால் 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 45 இருந்தது, ஆகக் குறைந்தது 5 புள்ளிதான். ஸ்விஃப்ட்டுக்கு 29இல் இருந்து 18 ஆனது. இரண்டுக்கும் நடுவில் இருந்த விலை இடைவெளி இதனால் கூடிவிட்டது. பழைய வீடியோக்களில் சொல்லும் ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டு ஆயுள் வரியிலும் இதே கதை. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஸ்விஃப்ட் 7.5 லட்சம், ஜிம்னி 12.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஆயுள் வரி 97,500 ரூபாயும் 2,25,000 ரூபாயும். ஷோரூம் விலையில் 5 லட்சம், வரியில் 1,27,500, ஆக 6.27 லட்சம் வித்தியாசம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான்: 1000 முதல் 1500 சிசி வரை ஒரே பிரிவு, புது வண்டிக்கு மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய். சொந்த சேதப் பகுதி வண்டி விலைக்கு ஏற்ப ஜிம்னிக்குக் கூடும்.

பெட்ரோல்: கம்பெனி சொல்வது லிட்டருக்கு ஜிம்னி மேனுவலுக்கு 16.94 கிமீ, ஸ்விஃப்ட் மேனுவலுக்கு 24.80 கிமீ. டவுனும் மலையும் கலந்த உங்கள் ஓட்டத்துக்கு 13.5, 18.5 என்று போடுங்கள். 1000 கிமீக்கு 74 லிட்டரும் 54 லிட்டரும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் 2,000 கூடுதல்.

இப்போது என் யோசனை. அந்த 6 லட்சத்தை வண்டியில் போடாமல் பாதையில் போட முடியுமா பாருங்கள். முழு அகலத்துக்கும் தளம் வேண்டாம். சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் 60 செமீ அகலம், 15 செமீ கனத்தில் கான்கிரீட் போட்டால் 100 மீட்டருக்கு 18 கன மீட்டர் பிடிக்கும். உங்கள் 150 மீட்டர் ஏற்றத்துக்கு 27 கன மீட்டர். மலை மேல் ஜல்லி, மணல், சிமென்ட் ஏற்றும் கூலியோடு உள்ளூர் மேஸ்திரியிடம் விலை கேளுங்கள். மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள், துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். பொதுப் பாதை என்றால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சம்மதமும் பஞ்சாயத்து அனுமதியும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்த யோசனையே இல்லை.

லோரேஞ்ச்

மேல சொன்ன கணக்குல தப்பு இல்ல. ஆனா பாதையை அளக்காம வண்டி பேசுறதுல அர்த்தமே இல்ல. ரெண்டு அளவு எடுத்துட்டு வாங்க.

ஒண்ணு, நடு மேடு. சக்கரம் ஓடுற பள்ளத்துக்கும் நடு மேட்டு உச்சிக்கும் எவ்வளவு உயரம்? ஒரு நேரான சவுக்குக் கம்பை மேட்டு மேல குறுக்க மட்டமா வெச்சு, ரெண்டு பள்ளத்துலயும் டேப்பை இறக்கினா தெரிஞ்சுடும். மோசமா தெரியுற இடமெல்லாம் எடுங்க. ஸ்விஃப்ட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியோட அடிக்கும் நடுவுல உள்ள உயரம்) 163 மிமீ, அதுவும் காலி வண்டிக்கு. அஞ்சு பேரும் மூட்டையும் ஏறினா பின்னாடி நல்லா இறங்கும். என் கணக்கு: மேடு 10 செமீக்குள்ளன்னா ஸ்விஃப்ட் போகும், 12 தாண்டினா அடிவயிறு உரசும். ஜிம்னிக்கு 210. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்குற ஒரே தண்டு), அதுல தொங்குற டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுத் தர்ற கியர்) குண்டுதான் ரொம்பத் தாழ்வான இடம். லோடு ஏறினாலும் அந்தக் குண்டோட உயரம் குறையாது, ஏன்னா அது டயரோட நிக்குது, பாடியோட இல்ல. ஆனா குண்டு நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கும். நடு மேட்டுல கல்லு நீட்டிட்டு இருந்தா அது எந்தப் பக்கம்னு பார்த்து ஓட்டணும்.

ரெண்டு, ஏத்தம். 10 மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுதுன்னு ட்யூப் லெவல்ல பாருங்க, இல்லன்னா போன்ல சாய்வு காட்டுற ஆப் போதும். முன் சக்கர டிரைவ் வண்டியில இழுக்குற சக்கரத்து மேல இருக்குறது பாதி எடைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஏத்தத்துல அந்த எடையும் பின்னாடி சாயும். அதனாலதான் ஈர மண்ணுல முன் சக்கரம் சும்மா சுத்துது. நாலு சக்கரமும் இழுத்தா மொத்த எடையும் பிடிமானம், அதே மண்ணுல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு ஏத்தம் ஏறலாம். ஈரச் செம்மண்ணுல 10க்கு 1 மீட்டர்னா ஸ்விஃப்ட் சமாளிக்கும். 1.5 ஆனா சந்தேகம். 2ன்னா ஜிம்னிதான், இல்ல ஜீப் வாடகையைத் தொடருங்க.

எடுத்தீங்கன்னா இதையும் தெரிஞ்சுக்கோங்க. ஜிம்னியோடது பார்ட்-டைம் 4x4 (2எச்ல பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4எச்ல நாலும், 4எல்ல நாலும் மெதுவா ஆனா பலமா), முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. காஞ்ச தார் ரோட்டுல 4எச் போட்டு அந்த 70 வளைவு ஏறாதீங்க. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், அந்த வித்தியாசம் போக வழி இல்லாம கியர் முறுக்கிக்கும், ஸ்டீயரிங் இறுகும், வண்டி வெட்டி வெட்டிப் போகும். தார்ல 2எச் மட்டும்தான். மண் ஆரம்பிக்கிற இடத்துல ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது 4எச், ஓடிட்டு இருக்கும்போதே போடலாம். 4எல் போட வண்டி நிக்கணும்.

ஏத்தத்துக்கு அடியிலேயே நிறுத்தி, கிளட்ச்சை மிதிச்சு 4எல் போட்டு, ரெண்டாவது கியர்ல கிளம்புங்க. 4எல்ல வேகம் பாதியாகி இழுவை ரெட்டிப்பாகும். நடுவுல கிளட்ச்சைத் தொடாதீங்க. ஒரு சக்கரம் சுத்தினா பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுடாதீங்க. சுத்துற சக்கரத்தை பிரேக்கே பிடிச்சு எதிர்ச் சக்கரத்துக்கு இழுவை அனுப்பும், அது வேலை செய்ய ஒரு நொடி ஒரே சீரா ஆக்ஸிலரேட்டர் வேணும். நின்னு போச்சுன்னா ஏத்தத்துல திருப்பப் பார்க்காதீங்க, அங்கதான் வண்டி கவிழும். ரிவர்ஸ் கியரைப் போட்டு வந்த தடத்துலயே நேரா இறங்குங்க.

ஸ்பானர்செட்

லோரேஞ்ச் நல்லதெல்லாம் சொல்லிட்டார், பராமரிப்பு நான் சொல்றேன்.

ஜிம்னியில 60-80 கிமீ வேகத்துல ஸ்டீயரிங் படபடன்னு ஆடுறது தெரிஞ்ச வியாதி. முழு ஆக்ஸில் வண்டிக்கே உள்ளது. முதல்ல வீல் பேலன்ஸ், அடுத்து டயர் ஒழுங்கா வட்டமா இருக்கா, அப்புறம்தான் கிங்பின் (முன் சக்கரம் திரும்புற அச்சு) பேரிங் டைட், ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்குற ஷாக்). நேரா டேம்பரை மாத்தி காசை விடாதீங்க, அது ஆட்டத்தை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

4எச் லைட் நிலைக்கு வராம மின்னிட்டே இருந்தா பெரும்பாலும் முன் ஹப்போட (முன் சக்கரத்தை 4x4க்கு இணைக்குற பாகம்) வாக்குவம் ட்யூப்ல கசிவு. சேறு, சுள்ளி பட்டு ரப்பர் கிழியும். கியர்பாக்ஸைப் பிரிக்கணும்னு யாராவது சொன்னா முதல்ல ட்யூப்பைப் பார்க்கச் சொல்லுங்க. ஓடையில ஆக்ஸில் மூழ்கிப் போச்சுன்னா டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பால் கலந்த காபி நிறம்னா தண்ணி போயிருக்கு, உடனே மாத்தணும்.

டயர்: கம்பெனி அளவு 195/80 ஆர்15. 215/75 ஆர்15 ஆல்-டெரைன் நிறைய பேர் போடுறாங்க, விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடும், ஸ்பீடோ பெருசா மாறாது. அதுக்கு மேல போகாதீங்க, இன்ஜினே 105 பிஎஸ்தான், மலையில மூச்சு வாங்கும்.

ஸ்விஃப்ட்ல ஒரே ஒரு எச்சரிக்கை. சேத்துல மாட்டினா பம்பர்ல திருகி மாட்டுற அந்தக் கொக்கியில டிராக்டரைக் கட்டி வெடுக்குன்னு இழுக்காதீங்க. நல்ல ரோட்டுல மெதுவா கட்டி இழுக்கத்தான் அது.

நடுவழி

ரெண்டும் வேண்டாம்னு சொல்ல வந்தேன். பஞ்ச் கிளியரன்ஸ் ஸ்விஃப்ட்டை விட அதிகம், டிக்கி 366 லிட்டர். ஃப்ரான்க்ஸ் கிளியரன்ஸ் 190 மிமீ, டிக்கி 308 லிட்டர். ரெண்டும் அஞ்சு சீட், 18 சதவீத வரி. கிறுக்கு வண்டிதான் வேணும்னா இக்னிஸ் இருக்கே, 180 மிமீ, நீளம் 3.7 மீட்டர், கொண்டை ஊசியில பொம்மை மாதிரி திரும்பும். எதுலயும் 4x4 கிடையாது.

மிளகுக்கொடி

எல்லாருக்கும் நன்றி. அளந்தாச்சு. நடு மேடு பெரும்பாலும் 8-9 செமீ, ரெண்டு இடத்துல 14. ஏத்தத்துல முதல் 110 மீட்டர் 10க்கு 1.2, கடைசி 40 மீட்டர் 10க்கு 2.1. பாதை நாலு தோட்டத்துக்குப் பொது. பக்கத்துக்காரர் ஒருத்தர் கான்கிரீட்டுக்குப் பாதி தரேங்கிறார், மத்தவங்க பிடி கொடுக்கல. அம்மா மாசம் ஒரு தடவையாவது வருவாங்கன்னு வீட்ல சொல்லிட்டாங்க. மூட்டை ஜிம்னியில போகுமா?

கணக்குப்பிள்ளை

மூட்டைக் கணக்கு: நல்ல மிளகு லிட்டர் வெயிட் 550 கிராம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 90 லிட்டர் இடம். ஜிம்னியில் பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் 208 லிட்டர், அதுவும் ஆழமில்லாத செங்குத்து இடம். ஒரு மூட்டை தாராளம், இரண்டாவது இடித்துத்தான் நிற்கும். ஸ்விஃப்ட்டில் 265 லிட்டர், ஆனால் டிக்கி வாசலின் அடி விளிம்பு உயரமானது, மூட்டையைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். ஜிம்னி கதவு பக்கவாட்டில் திறப்பது, ஸ்பேர் வீலும் அதில்தான். களத்துச் சுவரை ஒட்டி ரிவர்ஸில் விட்டால் திறக்காது.

அம்மா மாதா மாதம் என்றால் எனக்கு ஜிம்னி முடிந்த கதை. கான்கிரீட் இப்போது வெறும் 40 மீட்டர், 7.2 கன மீட்டர். மற்றவர்கள் பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, ஆட்சேபணை இல்லை என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

லோரேஞ்ச்

கடைசி 40 மீட்டர் 2.1, அது மழையில முன் சக்கர வண்டிக்கு ஆகாது. ஃப்ரான்க்ஸோ பஞ்சோ எடுத்தாலும் அதேதான், கிளியரன்ஸ் பிடிமானத்தைத் தராது. அஞ்சு பேர் கட்டாயம்ங்கிறதால நானும் கணக்குப்பிள்ளை பக்கம்தான் வரேன், அந்த 40 மீட்டர் கான்கிரீட் ஆகுற வரைக்கும் மழை மாசத்துல ஜீப். ஆனா ஸ்விஃப்ட் வேண்டாம், அந்த 14 செமீ மேட்டை மம்பட்டியால வெட்டினாலும் அடுத்த மழைக்கு டிராக்டர் மறுபடி ஆக்கிடும். ஃப்ரான்க்ஸ் 1.2 மேனுவல் பாருங்க. ஏஎம்டி (தானா கியர் மாத்துறது) வேண்டாம். ஏத்தத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலரேட்டரால வண்டியை நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தா கிளட்ச் கருகிடும்.

டெஸ்ட் டிரைவை டவுனுக்குள்ள முடிச்சுடாதீங்க. அஞ்சு பேரையும் உட்கார வெச்சு காரவள்ளியில இருந்து பத்து வளைவாவது ஏறி இறங்குங்க. இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே விட்டு, பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காம வருதான்னு பாருங்க. டீலர் மலைக்கு வண்டி தரமாட்டேன்னா, வேற டீலர்.