இரண்டு மொழிச் சபைகள், ஒரே ஆராதனை: எபேசியர் 2ஐ எப்படிப் போதிப்பது, எப்படி நடத்துவது?

ஒலிவக்கிளை:
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். மொழியாலும் இனத்தாலும் வேறான இரண்டு சபைகள் மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து ஆராதிக்கப்போகிறோம். முதல் கூடுகையில் எபேசியர் 2:11–22 பிரசங்கம்; யூதரும், யூதரல்லாத புறஜாதியாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்றானதைப் பவுல் சொல்லும் பகுதி அது. "தேவன் அன்பானவர், ஆகவே நாமெல்லாரும் ஒன்று" என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. அந்தப் பகுதியை எங்கிருந்து பிடிப்பது? மொழிபெயர்ப்பு, பாட்டு, ஜெபம், திருவிருந்து இவற்றில் எங்கே தடுமாறுவோம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூலைக்கல்:
14ஆம் வசனத்தின் "நடுச்சுவர்" என்ற சொல்லிலிருந்து பிடியுங்கள். எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் வரக்கூடிய வெளிப்பிராகாரத்துக்கும் உள்பிராகாரத்துக்கும் நடுவே ஒரு கல்தடுப்பு இருந்தது. அது மூன்று முழ உயரம் என்றும், கிரேக்கத்திலும் லத்தீனிலும் எச்சரிக்கை எழுதிய கற்கள் அதில் நின்றன என்றும் யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட கிரேக்கக் கல் ஒன்று 1871இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நியன் உள்ளே பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம்.

இதோடு அப்போஸ்தலர் 21:28–29ஐச் சேர்த்து வாசியுங்கள். புறஜாதியான் ஒருவனைத் தேவாலயத்துக்குள் கூட்டிவந்தார் என்று எண்ணித்தான் பவுலைப் பிடித்தார்கள். அந்த மனிதன் துரோப்பீமு. அவன் எபேசு பட்டணத்தான்! எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் சுவர் தகர்ந்தது என்று வாசிக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு எச்சரிப்பு. பவுல் அந்தக் கல்தடுப்பைத்தான் குறித்தார் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 15ஆம் வசனம் கட்டளைகளாகிய நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தைப் பேசுவதால் அதுவே சுவர் என்போரும் உண்டு. எப்படியானாலும் சுவரை இடித்தது சிலுவை. இரு கூட்டத்தார் கூடிப் பேசி இடித்ததில்லை. அதனால்தான் 4:3 ஒருமையை "காத்துக்கொள்வதற்கு" ஜாக்கிரதையாயிருங்கள் என்கிறது. இல்லாததை உண்டாக்கும் பாரம் நம்மேல் வைக்கப்படவில்லை. இரு சபையாரும் முதலில் கேட்கவேண்டிய நற்செய்தி இது.

இருமொழியாள்:
நடத்தும் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 20 நிமிடப் பிரசங்கம் 40 நிமிடமாகும். ஆகவே எழுதும்போதே பாதியாகக் குறையுங்கள். முழுப் பிரதியும் வசனக் குறிப்புகளும் இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கட்டும்.

தமிழில் பேசுகிறவர் கவனிக்கவேண்டியது ஒன்று. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். "தூரமாயிருந்தவர்களை, பகைவர்களாயிருந்தவர்களை, வாக்குத்தத்தத்துக்கு அந்நியரை, தேவன்..." என்று நிறுத்தினால், தேவன் அவர்களைத் தள்ளினாரா சேர்த்தாரா என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. அவர் ஊகித்துச் சொல்வார், அடுத்த மூச்சில் திருத்துவார், கேட்கிறவர்கள் குழம்புவார்கள். "இல்லை" என்பதும் கடைசியில்தான் வருகிறது என்பதால் எதிர்மறை வாக்கியங்களில் ஆபத்து இன்னும் அதிகம். ஏழெட்டுச் சொல், வினை முடிவு, நிறுத்தம்: இந்த அளவில் பேசிப் பழகுங்கள்.

வேதவசனத்தை மேடையில் மொழிபெயர்க்கவேண்டாம். அந்தந்த மொழி வேதாகமத்திலிருந்தே வாசிக்கட்டும். சங்கீதமானால் எண்களை முன்கூட்டியே ஒத்துப் பாருங்கள். சில மொழிபெயர்ப்புகள் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால், நம் சங்கீதம் 51:10 அங்கே 51:12 ஆக இருக்கும். கிரேக்க மரபைப் பின்பற்றும் வேதாகமங்களில் நம் 23ஆம் சங்கீதமே 22ஆம் சங்கீதம்.

பாட்டுக்கு, இரு மொழியிலும் ஒரே ராகத்தில் ஏற்கெனவே பாடப்படுகிறவற்றை மூன்று நான்கு எடுங்கள். இரு வரிகளையும் அருகருகே திரையில் போட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் பாடட்டும். அடிக்கு அடி மொழி மாற்றினால் பாதிப்பேர் எப்போதும் வாயை மூடி நிற்பார்கள். கர்த்தருடைய ஜெபமும் அப்படியே, ஒரே நேரத்தில். கடைசிக் குரல் ஓயும்வரை நடத்துகிறவர் அடுத்ததைத் தொடங்கக்கூடாது. "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்ற முடிவுப் பகுதியைச் சில மரபினர் அந்த இடத்தில் சொல்வதில்லை. சேர்ப்பதா இல்லையா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

எப்போதும் பெரிய கூட்டத்தின் மொழியில் பிரசங்கம், சிறிய கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பு என்று வைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் மாறி ஒரு மாதம் மாற்றுங்கள். காத்திருந்து கேட்பது என்னவென்று இரு பக்கமும் அறியவேண்டும்.

பந்திவிசாரணை:
மேலே சொன்னவை நல்லவை. ஆனால் சேர்ந்து பாடுகிற சபைகள் பிரிவது பெரும்பாலும் பாட்டால் இல்லை, தீர்மானம் எடுக்கும் இடத்தில். அப்போஸ்தலர் 6ஐப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடவில்லை. ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். மனத்தாங்கல் இருந்த பக்கத்தாரின் கையிலேயே சபை பொறுப்பைக் கொடுத்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அந்தியோகியாவிலும் (13:1) சீப்புருவில் பிறந்த பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடனே வளர்க்கப்பட்ட மனாயீன், சவுல் என்று வேறுவேறு பின்னணியுள்ள ஐவர் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக இருந்தார்கள்.

ஆகவே கூட்டு ஆராதனை தொடங்குமுன் ஒரு சிறு குழு வையுங்கள். சபையார் எண்ணிக்கை எப்படியிருந்தாலும் குழுவில் சரிபாதி. காணிக்கை எங்கே போகிறது, நோயாளிகளை யார் சந்திக்கிறார்கள் என்பதை இக்குழுவே பார்க்கட்டும். கூட்டம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழிக்காரர்தான் அதிகம் பேசுவார். அதனால் முடிவெடுக்கும் முன் மற்றப் பக்கத்தாரிடம் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஒலிவக்கிளை:
மிக்க நன்றி. திருவிருந்தில் ஒரு சிக்கல். ஒரு சபை திராட்சமது, மற்றது சாறு. இரண்டு தட்டு வைக்கலாமா?

மூலைக்கல்:
உங்கள் மரபின் ஒழுங்கு இடங்கொடுத்தால் அன்று எல்லாருக்கும் சாறு. மதுவை வழக்கமாகக் கொள்கிறவர் சாற்றைப் பருகுவதில் மனச்சாட்சி இடறுவது அரிது, மறுபக்கம் இடறும். ரோமர் 14:21 நேரடியாக இதைத் தொடுகிறது. இரண்டு தட்டு வைத்தால், யார் எந்தப் பக்கம் என்பது பந்தியிலேயே தெரிந்துவிடும். கலாத்தியர் 2:12இல் பேதுரு புறஜாதியாரை விட்டு விலகியதும் சாப்பாட்டுப் பந்தியில்தான். பவுல் அதைச் சிறிய மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாமல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடத்தையல்ல என்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்னார்.

அப்பம் ஒன்றாக இருக்கட்டும் (1 கொரிந்தியர் 10:17). முன்னரே வெட்டிய துண்டுகள் வேண்டாம், எல்லாரும் பார்க்க ஒரே அப்பத்தைப் பிட்கலாம்.

இருமொழியாள்:
வாங்கியவுடன் உட்கொள்ளவேண்டாம் என்று இரு மொழியிலும் முன்பே அறிவித்துவிடுங்கள். 1 கொரிந்தியர் 11:33 "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறது. கடைசி வரிசைக்குக் கிடைக்கும்வரை எல்லாரும் அப்பத்தைக் கையில் வைத்திருக்கட்டும். அந்த நேரத்தில் பாட்டோ இசையோ வேண்டாம்.