ஊர் மந்தையை ஒட்டி எழப்போகும் கூடம் எப்படி அமைய வேண்டும்?

பென்னாகரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊரில், மாலை வேளையில் பிள்ளைகள் படிக்கவும் விசேஷ நாள்களில் ஊர் கூடவும் ஒரு கூடம் கட்டத் தீர்மானித்திருக்கிறோம். ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என வெளியூர்களில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தாம் பணம் சேர்த்து வருகிறார்கள். ஊர்ப் பொதுவெளியான மந்தையை ஒட்டிய மேற்குப் பார்த்த மனை அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியும் அலுமினியப் பலகையும் பதித்த ஒரு வரைபடம் கைக்கு வந்திருக்கிறது. இளைஞர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சித்திரை வெயிலில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து படிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில், காண்டோ என்னும் சிற்றூரில் பிறந்த பிரான்சிஸ் கெரே தம் ஊர்ப் பள்ளியை மண் கல்லால் கட்டி, 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனதைப் படித்தேன். அத்தகைய கட்டடங்களிலிருந்து எங்களைப் போன்ற ஊர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா? மண் என்று வாயெடுத்தாலே, “மறுபடியும் மண் வீட்டுக்கா போகச் சொல்கிறாய்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஓசூர்க் கட்டுமானப் பொறியாளர்:

வணக்கம் ஐயா. பெரியவர்களின் கேள்வி நியாயமானது. காண்டோ மக்களும் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார்கள். மண் சுவர் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. பெர்லினில் மாணவராக இருந்தபோதே நிதி திரட்டத் தொடங்கிய கெரே, அந்த ஐயத்தைப் பேச்சால் தீர்க்க முயலவில்லை. மண்ணில் சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களைச் செய்து, அவை நீருக்கும் பாரத்துக்கும் தாக்குப்பிடிப்பதை ஊராரின் கண்முன் காட்டினார். 2001இல் முடிந்த அந்தப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

விருதைவிட நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன் கூரை. புர்கினா ஃபாசோவில் வழக்கமாகப் பள்ளிகளுக்குத் தகரக் கூரை போடுவார்கள். நம் ஊர்த் தகரக் கொட்டகையில் மதிய வேளையில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். கெரே தகரத்தை ஒதுக்கவில்லை. வகுப்பறையின் மேல் இடைவெளி விட்டுக் கற்களை அடுக்கிய ஒரு தளத்தை அமைத்து, அதற்கு வெகு உயரத்தில், சாதாரணக் கட்டுமான இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த சட்டங்களின் மேல் தகரத்தை நிறுத்தினார். சன்னல் வழியாக நுழையும் காற்று சூடேறி மேலெழுந்து, கற்தளத்தின் இடுக்குகள் வழியே வெளியேறி, தகரத்தின் கீழ் ஓடும் காற்றோடு போய்விடுகிறது. சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் கூரை மழைச்சாரலையும் வெயிலையும் சுவரில் படவிடுவதில்லை. பாரந்தூக்கி எதுவும் தேவைப்படவில்லை. ரம்பமும் சிறிய வெல்டிங் கருவியும் கொண்டு ஊர் இளைஞர்களே அந்தச் சட்டங்களைச் செய்தார்கள். அடித்தளத்துக்கான கற்களைப் பிள்ளைகள் சுமந்து வந்தார்கள், தரையைப் பெண்கள் கூடி இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

எனவே மண்ணா சிமெண்டா என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, சூடான காற்று எங்கே வெளியேறும், இதைக் கட்டுவதற்கும் பிறகு பழுது பார்ப்பதற்கும் ஊரிலேயே கைகள் உண்டா என்பவை முதலில் வர வேண்டும். உங்கள் வரைபடம் இவற்றுள் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. மேற்கே கண்ணாடி வைத்தால் உள்ளே குளிர்சாதனம் வேண்டும். குளிர்சாதனம் வைத்தால் மாதந்தோறும் மின்கட்டணம் கட்ட ஒருவர் வேண்டும்.

மண் கல் உங்களுக்குச் சரிவராவிட்டால் செங்கல்லிலேயே வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தையே தம் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர், செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ராட் ட்ராப் பாண்ட்’ முறையைப் பரப்பினார். கற்களின் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறையும். நடுவில் உள்ள காற்று வெப்பம் உள்ளே இறங்குவதையும் தடுக்கும். நம் பக்கத்து மேஸ்திரி ஒருவருக்கு ஒரு சுவரைக் கட்டிக் காட்டினால் போதும், மறுநாள் அவரே கட்டுவார்.

கூத்து ரசிகை, காவேரிப்பட்டணம்:

பொறியாளர் அண்ணா சொன்னது அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் எனக்கு அச்சம் தருவது “மந்தையை ஒட்டிய மனை” என்ற சொற்கள்தாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடப்பதை அறிவீர்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் நட ஓர் இடம், கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்த ஓர் இடம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் கூட்டம் முழுவதும் அந்த வெட்ட வெளியில்தான் உட்காருகிறது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் மந்தையின் நடுவிலேயே ஒரு மண்டபத்தைக் கட்டிச் சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டார்கள். அதன்பின் அங்கே கூத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. மண்டபமும் கல்யாண நாள் தவிரப் பூட்டியே கிடக்கிறது. மந்தையில் ஓர் அடியைக்கூட உங்கள் கூடம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வங்காளதேசத்தில் மரினா தபசும் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலைப் பற்றிப் படித்துப் பாருங்கள். டாக்காவின் நெருக்கமான புறநகரில், அவருடைய பாட்டி கொடுத்த நிலத்தில், 2012இல் முடிந்த செங்கல் கட்டடம் அது. கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கல் இடுக்குகளிலும் கூரைத் துளைகளிலும் இறங்கும் ஒளிதான் அதன் அழகு. தெருமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டிய மேடையில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் அமர்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உங்கள் கூடத்துக்கும் மந்தையைப் பார்த்து நீளமான திண்ணை ஒன்று அமையட்டும். கூத்து நாளில் அதுவே வயதானவர்கள் உட்காரும் இடமாகும்; மற்ற நாள்களில் பூட்டு இல்லாமலே ஊருக்குப் பயன்படும்.

இன்னொன்று. வரைபடத்தைப் பார்த்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்? மாலையில் பெண் பிள்ளைகளும் படிக்க வர வேண்டுமானால், கழிப்பறை எங்கே அமைகிறது, விளக்கு எங்கே எரிகிறது என்பதை அவர்களின் தாய்மார்தாம் சொல்ல வேண்டும்.

ஊத்தங்கரை இளைஞன்:

மதிப்பிற்குரியவர்களே, கண்ணாடி வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மண் சுவரும் கூரை வீடும் பலருக்கு ஒழுகும் இரவுகளின் நினைவு. எங்கள் தெருவில் அதனோடு சாதியின் இழிவும் சேர்ந்தே இருந்தது. ஊர்த் தெருவில் மெத்தை வீடுகளும் எங்கள் தெருவில் குடிசைகளும் இருந்த காலத்தில், முதல் காங்கிரீட் கூரை எழுந்த அன்று என் பாட்டி அழுதார். விருது பெற்ற மண் கட்டடத்தைக் காட்டி எங்களிடம் பேசுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எகிப்தில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் புதிய குர்ணா என்ற ஊரையே மண் கல்லால் மிக அழகாகக் கட்டினார்; யாருக்காகக் கட்டினாரோ அந்த மக்களுள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர மறுத்தார்கள். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரில் இருந்த பழங்காலக் கல்லறைகளைச் சார்ந்திருந்தது, இடம்பெயர்வதோ அரசின் முடிவாக இருந்தது.

ஆனால் பளபளப்பு மட்டும் மரியாதை தந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கொலம்பியாவின் மெதெயின் நகரில், வன்முறையால் சீரழிந்த சாந்தோ தொமிங்கோ என்ற மலைக்குன்றுக் குடியிருப்புக்கு 2004இல் கம்பிவட ஊர்தி வந்தது. 2007இல் கரும்பாறைகள்போல் மூன்று கட்டடங்களாக எசுப்பானியா நூலகம் எழுந்தது. ஏழைகளின் பகுதிக்கு நகரத்தின் மிகச் சிறந்த கட்டடம் என்ற அந்த எண்ணத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆயினும் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் மேற்பூச்சுக் கற்களும் கட்டமைப்பும் பழுதாகி நூலகம் மூடப்பட்டது, ஊர்தியோ ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் இளைஞர்களிடம் அலுமினியப் பலகை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு பலகை கழன்று விழுந்தால் அதை மாட்ட யார் வருவார், எங்கிருந்து வருவார் என்று மட்டும் கேளுங்கள்.

பென்னாகரத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி எழுதியதை ஊர்க் கூட்டத்தில் அப்படியே படிக்கப் போகிறேன். எங்கள் ஊரிலும் இரண்டு தெரு உண்டு. கூடம் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை முதல் தீர்மானமாக எழுதிவிட்டுத்தான் வரைபடத்தைத் தொடுவோம். பொறியாளர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள்: எங்கள் செம்மண் கல் செய்ய ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேர்ந்த பணம் முழுக் கூடத்துக்கும் போதாவிட்டால் என்ன செய்வது?

ஓசூர்க் கட்டுமானப் பொறியாளர்:

ஐயா, மேல்மண்ணை நீக்கிவிட்டு அடியிலுள்ள மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் கால்வாசி போட்டு, நீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் அதன் மேலும், களி உச்சியிலும் படியும். மணல் மிகுந்து களி குறைவாக இருந்தால் ஐந்து விழுக்காடு அளவு சிமெண்ட் சேர்த்து அழுத்தினாலே நல்ல கல் வரும். களி மிகுந்தால் மணல் கலக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டும். இது முதல் சோதனைதான். ஆரோவில்லில் உள்ள எர்த் இன்ஸ்டிடியூட் இதற்கெனப் பயிற்சியே தருகிறது, உங்கள் ஊரிலிருந்து ஒரு கொத்தனாரையும் படித்த பிள்ளை ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அடித்தளத்துக்குக் கருங்கல்லே போதும். நம் இரு மாவட்டங்களிலும் அதற்குப் பஞ்சமில்லை. மண் கல் எதுவானாலும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

பணம் குறைந்தால் கூடத்தைச் சிறிதாக்காதீர்கள். சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் முடித்த கின்தா மன்ரோய் குடியிருப்பில், ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் அரசு உதவியில் முழு வீடு கட்ட வழியில்லாதபோது, குடும்பத்தால் தானே கட்டிக்கொள்ள முடியாத பாதியை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள்; மீதிப் பாதிக்கு இடம் விட்டார்கள், மக்கள் அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள். நீங்களும் அடித்தளம், தூண்கள், உயர்ந்த கூரை, கழிப்பறை, திண்ணை ஆகியவற்றை முழு அளவில் இப்போதே முடித்துவிட்டு, படிப்பதற்கான ஓர் அறைக்கு மட்டும் சுவர் எழுப்புங்கள். மற்றவை திறந்தே இருக்கட்டும். கூரை இருந்தால் பிள்ளைகள் அன்றே வந்து உட்காரலாம். மண் சோதனை முடிந்ததும் புட்டியின் படத்தையும் மனையின் அளவையும் இங்கே பதியுங்கள், தூண்களின் இடைவெளியைக் கணக்கிட்டுத் தருகிறேன்.