புதுப்பிப்பு: குழு விவாதத்தில் வாயடைத்துப் போனவன், நேர்காணல் முடித்துவிட்டேன்

"பத்துப் பேருக்கு நடுவில் பேச்சே வரவில்லை, என்ன செய்ய?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். எம்பிஏ சேர்க்கைக்கான குழு விவாதமும் நேர்காணலும் நேற்று முடிந்தன.

"முதல் ஆளாகப் பேச அடித்துக்கொள்ளாதே, இரண்டு பேர் சொன்னதைக் கோத்துப் பேசு" என்று இங்கே ஒரு அண்ணன் சொன்னது அப்படியே கைகொடுத்தது. தலைப்பு, வட்டியும் விலைவாசியும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 வரை போகலாம் என்றேன். கூச்சல் அடங்கியது, பிறகு பேச்சு அந்த எண்ணைச் சுற்றியே போனது.

நேர்காணலில், எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஈரோடு என்றதுமே மஞ்சள்தான். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அதனால் விவசாயிக்கு என்ன கூடியது?" என்றார்கள். தெரியாது என்றே சொல்லிவிட்டேன். உங்கள் ஊர்ச் சரக்கை மண்டி விலை வரைக்கும் படித்துவிட்டுப் போங்கள்.

சொல்லித்தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.