வீடுகளுக்கு நடுவே மேல்நிலைத் தொட்டி: கட்டியவர்களும் பக்கத்தில் குடியிருந்தவர்களும் சொல்லுங்கள்

கரிசல் மண்காரன்:

கோவில்பட்டி பக்கம் ஒரு சின்ன ஊரில் 2 லட்சம் லிட்டர் தொட்டி வேலை. நான் சைட் எஞ்சினியர். மூன்று பக்கமும் ஓட்டு வீடுகள், வண்டி நுழைய ஒரே சந்து.

அடித்தளம் தோண்ட ஜேசிபி இறங்கிய மூன்றாம் நாள், ஓர் ஆச்சி என்னைக் கையோடு கூட்டிப் போனார். "பாருங்க தம்பி, உங்க மிஷின் வந்த பொறவுதான் சுவரு வாயப் பொளந்திருக்கு." விரல்நுனி நுழையும் வெடிப்பு. உள்ளே பழைய ஒட்டடை. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். அந்த வெடிப்புக்குப் பல வருஷம் வயசிருக்கும். ஆனாலும் ஒட்டடையைக் காட்டி வாதாட எனக்கு வாய் வரவில்லை. தோண்டுவதற்கு முன்னால் அந்தச் சுவரைப் போட்டோ எடுக்காமல் விட்டது என் தப்பு.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வெடிப்பையும் படம் எடுத்தோம். பெரிய வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அப்புறம் தினமும் காலையில் ஆச்சியே பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கும் ஒடையல தம்பி" என்பார்.

அடுத்தது பாட்டம் டோம், அதாவது தொட்டியின் குவிந்த அடிப்பகுதிக்கான கான்கிரீட். அதை நடுவில் நிறுத்தவே கூடாது. பாதியில் விட்டால் இறுகியதும் புதியதும் சரியாக ஒட்டாது, பின்னால் அந்தக் கோட்டில்தான் தண்ணீர் கசியும். காலை 6 மணிக்கே தொடங்கினோம், மதியம் ஒரு மிக்சர் படுத்துவிட்டது, இரவு 10 தாண்டியது. குடியிருப்புப் பகுதியில் 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும் இடத்தில் அது நடக்கிற காரியமா? முந்தின நாளே வாசல் வாசலாகச் சொல்லி வைத்திருந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பிள்ளை ஒரு வீட்டில் இருந்தாள். அவள் கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் தேதியே வைத்தோம். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறது என்று காண்ட்ராக்டர் சத்தம் போட்டார், போடட்டும்.

கடைசியில் கசிவுச் சோதனை. தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370 சொல்கிறபடி தொட்டியை நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் வெளிப்பக்கம் ஈரம் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 200 டன் தண்ணீர் அந்த மண்மேல் உட்காருவது அதுதான் முதல் தடவை. விடியற்காலையில் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் நான் போய் நின்றது ஆச்சி வீட்டுச் சுவரில்தான். கண்ணாடி முழுசாக இருந்தது.

தொட்டித் தெரு அக்கா:

எங்கள் தெருவில் தொட்டி கட்டினபோது உங்களைப் போல எங்களிடம் யாரும் முன்னால் வந்து சொல்லவில்லை தம்பி. மொட்டைமாடியில் வத்தல் காயப் போட்டுவிட்டு என் மகன் இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மேலேயிருந்து ஒரு சென்ட்ரிங் பலகை விழுந்தது. அதில் மூன்று ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவே திரண்டு போய்க் கேட்ட பிறகுதான், மறுநாள் சுற்றிலும் வலை கட்டினார்கள். இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பக்கத்தில் வேலை தொடங்கினால், முதல் தூண் எழும்புவதற்கு முன்பே வலையைக் கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.