அப்டேட்: பெரியவங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் சமாளிக்க உதவுற தெரபி) உண்டான்னு கேட்டிருந்தேனே, போய்ட்டு வந்துட்டு இருக்கேன்

ஆட்டிசம் உள்ள எனக்கு மிக்ஸி சத்தம், ஆபிஸ் டியூப்லைட், சட்டை காலர் லேபிள் எதுவுமே தாங்கல, இந்த வயசுல தெரபிக்கு சேர்த்துப்பாங்களான்னு கேட்டிருந்தேன். சில இடத்துல "குழந்தைங்களுக்கு மட்டும்தான் சார்"னுட்டாங்க, அப்புறம் ஒருத்தங்க கிடைச்சாங்க.

முதல்ல சென்சரி ப்ரொஃபைல்னு, சத்தம் வெளிச்சம் தொடுதல் எல்லாம் நம்மள எப்படி பாதிக்குதுன்னு பார்க்குற 60 கேள்வி, 2002ல வந்ததாம், பெரியவங்களுக்கும் சேர்த்து போட்டது. "பழகிக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லல, அதுவே பாதி நிம்மதி. எந்த நேரத்துல எது தலைக்கு மேல போகுதுன்னு எழுதச் சொன்னாங்க, பார்த்தா சாயங்காலம் நான் வெடிக்கிறது காலையிலேர்ந்து சேர்ந்த சத்தம் வெளிச்சம் எல்லாம் மொத்தமா இறங்குறதுதான். இப்போ அம்மா சட்னி அரைக்க முன்னாடி "போடப்போறேன்டா"ன்னு குரல் குடுப்பாங்க, சத்தம் அதேதான், ஆனா திடுக்குன்னு வராததால தாங்குது.

ஹெட்போனை நாள் முழுக்க மாட்டாதீங்க, காது இன்னும் சென்சிட்டிவ் ஆயிடும்னாங்க. வெயிட்டட் பிளாங்கெட் (உடம்பை அழுத்துற கனமான போர்வை) பத்தி கேட்டவங்களே, சென்னை மே மாசத்துல அதெல்லாம் வேலைக்காகாது, நான் ரெண்டு கையாலயும் சுவத்தை அழுத்தித் தள்றேன், உடம்பு அடங்குது.

ஆபிஸ்ல 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்குன்னு சொல்லி தெரபிஸ்ட் லெட்டரோட கேட்டேன், ஜன்னலோரம் சீட் மாத்திட்டாங்க, பக்கத்து சீட்டுக்காரர் "என்ன ஸ்பெஷல் கவனிப்பு"ன்னு கேக்குறாரு, கேட்டுட்டுப் போகட்டும்.

குக்கர் விசிலுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கல, யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.