அம்மாவின் கோலமும் ஒரு லேப் ரிப்போர்ட்டும்

மதுரைக்காரி:

அம்மாவுக்கு 67 வயது. 15 புள்ளிக் கோலத்தைப் பேசிக்கொண்டே போட்டு முடிப்பவர். போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை, புள்ளிகளை எல்லாம் வைத்துவிட்டு மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். "எங்கேருந்து இழுக்கணும்னு தெரியலடி" என்றார். வயசானால் வருவதுதான் என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை.

நரம்பியல் டாக்டர் கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னார். அம்மா பெரிய முள்ளை 10-க்கு நேரே வைத்தார். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அப்புறம்தான் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதற்கென்று தனி பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் குழாய். கண்ணாடியில் எடுத்தால் அமிலாய்டு புரதம் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டுமாம்.

ரிப்போர்ட்டில் அமிலாய்டு பீட்டா 42 குறைவு, பி-டவ் என்ற இன்னொரு புரதம் அதிகம். "குறைவுன்னா நல்லதுதானே அக்கா" என்று தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் ஒரு ராத்திரி அதை நம்பிக்கொண்டு தூங்கினேன். மறுநாள் டாக்டர் விளக்கினார்: அந்தப் புரதம் மூளையிலேயே படிந்துவிடுவதால்தான் நீரில் குறைகிறது. அல்சைமரின் அடையாளமே அதுதான். அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே படிய ஆரம்பித்துவிடுமாம். அப்படியானால் என் கல்யாணத்துக்கு அம்மா மணவறைக் கோலம் போட்டபோதே அது உள்ளே இருந்திருக்கிறது. தயவுசெய்து ரிப்போர்ட்டை நீங்களாகப் படித்து ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

நியூ ஜெர்சி மருமகள்:

எங்கள் மாமனாருக்கு நேர்மாறாக நடந்தது. எங்களோடுதான் இருக்கிறார், 74 வயது. சொன்னதையே சொல்ல ஆரம்பித்தார். இங்கே 2025 மே மாதம் அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்ததே, அறிகுறி உள்ள 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, அதைச் செய்தோம். பி-டவ் 217 என்ற புரதம் கூடுதலாக வந்தது. மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

டாக்டர் மாமனாருடைய கிரியேட்டினினைப் பார்த்தார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது. சிறுநீரகம் பழுதானால் அந்தப் புரதம் ரத்தத்தில் கூடிக் காட்டுமாம். மூளையில் படிந்திருப்பதைக் காட்டும் பெட் ஸ்கேனில் அமிலாய்டு இல்லை. பி12 தான் மிகவும் குறைவு. சுத்த சைவம், 12 வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வேறு, அது பி12-ஐக் குறைக்கும். நாங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டியதே அதைத்தான். ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிறது. நேற்று ரம்மியில் கணக்கு எழுதியவர் அவர்தான்.

மதுரைக்காரி:

படித்ததும் நிம்மதியாக இருந்தது அக்கா. அம்மா இப்போது நாலு புள்ளி வைத்துப் போடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் இழையை மட்டும் நான் இழுத்துக் கொடுக்கிறேன்.