மறு: ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சொல் (கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது)

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்று எதற்காகக் கேட்டேன் என்பதையே இழை மறந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் திரும்பச் சொல்கிறேன். ஓய்வுபெற்றவர்களுக்கான கணினி வகுப்புக் கையேடு. பணம் கட்டிய ரசீதோ பிழைச் செய்தியோ திரையில் வந்தால் அதை எடுத்துவைக்கச் சொல்லித்தர வேண்டும். இப்போது கைபேசியால் மானிட்டரைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்புகிறார்கள், படம் முழுக்க வரிவரியாக ஓடுகிறது, நடுவில் டியூப்லைட் வெளிச்சம் வேறு.

> ஷாட், ஷூட் எல்லாம் நம் 'சுடு'விலிருந்து போனவையே. ஆகவே திரைச்சுடுகை.

ஐயா, வேர் எதுவாகவும் இருக்கட்டும் (எனக்கு நம்பிக்கை இல்லை). 'சுட்ட படம்' என்றால் ஊரில் வேறு பொருள். ஔவையிடம் முருகன் கேட்ட கேள்வியை வகுப்பு மொத்தமும் என்னிடம் கேட்கும்.

> கல்வெட்டு இருக்கும்போது திரைவெட்டு ஏன் கூடாது?

மின்வெட்டும் இருப்பதால் கூடாது. மானிட்டர் அணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதோடு 'வெட்டு' என்றால் மூல இடத்திலிருந்து போய்விடும் என்று போன பாடத்தில்தான் சொல்லிக்கொடுத்தோம். வெட்டினால் போய்விடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை, அது வேறு கதை: 2023இல் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் (திரையைப் படமெடுக்கும் நிரல்) ஓர் ஓட்டை வெளிவந்தது, படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு அதே கோப்பில் சேமித்தால் வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள்.

> திரைப்பிடி, அல்லது திரைப்பிடிப்பு

சங்கம் படித்தவர்கள் இருக்கும் குழுவில் 'பிடி' என்றதும் களிற்றின் துணைதான் வந்து நிற்கும். நேற்றுப் பாதி மடல் யானைக்கே போய்விட்டது. திரைப்பிடிப்பு புழக்கத்தில் உள்ள சொல், மறுக்கவில்லை, ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'திரைப்பிடிப்பு எடுக்கவும்'. பிடிப்பைத் தைலம் தடவித்தான் எடுக்க வேண்டும். கையேடு முழுக்க ஏவல் வாக்கியங்கள். சொல் தனியாக நின்று அழகாக இருந்து என்ன பயன், எடு, ஒட்டு, அனுப்பு என்ற மூன்றோடும் அது ஒத்துப்போக வேண்டாமா?

> கல்வெட்டாளர்களின் மைப்படியை நினையுங்கள். திரைப்படி.

என்னை அசைத்தது இது ஒன்றுதான். கல்லின் மேல் ஈரத்தாளைப் பரப்பி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மூலத்துக்குச் சேதமில்லை, பார்த்து எழுதுபவரின் கைப்பிழையும் இல்லை. ஆனால் சட்டப்படி, முறைப்படி, சொன்னபடி என்று பழகிய கண்ணுக்கு 'திரைப்படி அனுப்பவும்' என்பது எப்படிப் படும்? போதாக்குறைக்கு வகுப்பில் இருப்பவர்கள் ஓய்வூதியக்காரர்கள். அவர்களுக்குப் படி என்றால் அகவிலைப்படி.

என் ஓட்டு திரைநகலுக்கு. அந்த விசை செய்யும் வேலையே அதுதான். பிரிண்ட் ஸ்கிரீனை வெறுமனே அழுத்தினால் (புதிய விண்டோஸ் 11இல் ஸ்னிப்பிங் டூல் திறந்துகொள்ளும், அதை விடுங்கள்) கண்ணுக்குத் தெரிந்து ஒன்றுமே நடக்காது. கிளிப்போர்டில் (நகலெடுத்தது தற்காலிகமாகத் தங்கும் இடம்) ஒரு நகல் விழுந்திருக்கும், பெயிண்ட் நிரலைத் திறந்து ஒட்டினால்தான் தெரியும். ஆல்ட்டோடு அழுத்தினால் வேலை செய்துகொண்டிருக்கும் சாளரம் மட்டும். விண்டோஸ் விசையோடு அழுத்தினால் படங்கள் கோப்புறைக்குள் பிஎன்ஜி படக் கோப்பாகவே போய் உட்கார்ந்துவிடும். நகலெடுத்து ஒட்டத் தெரிந்தவருக்கு இது புதுப்பாடமே இல்லை.

> நகல் அரபுச் சொல். தமிழ்க் கையேட்டில் அதற்கு என்ன வேலை?

அரபுதான். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல் என்று காலமெல்லாம் இணைத்துக் கொடுத்தவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று, வடவெழுத்தை நீக்கிவிட்டு வடசொல்லை எடுத்துக்கொள்ள வழிவிட்டவர் தொல்காப்பியர். அவர் வடசொல்லுக்குத்தானே சொன்னார் என்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

ஞாயிறு இரவுவரை பார்க்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ஸ்கிரீன்ஷாட் என்கிற திரைநகல்' என்று போடுவதாக உத்தேசம்.

---

திரைநகலே இருக்கட்டும். பிடித்துப்போய்ச் சொல்லவில்லை, இன்னும் ஒருநாள் யானையைப் பற்றிப் படிக்க முடியாது.

---

எனக்கும் சரி. சுடுகை வேண்டாம் என்பதற்காகவே சரி.

---

நான் ஒப்பவில்லை. நகல் என்றால் மூலம் என்று ஒன்று எங்காவது இருக்க வேண்டும். திரையில் வந்த பிழைச் செய்தி அடுத்த நொடி மறைந்துவிடுகிறது, பிறகு கையில் இருப்பது எதன் நகல்? முதல் ஐபிஎம் பிசிக்களில், டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்), ஷிஃப்டோடு அந்த விசையை அழுத்தினால் திரையில் இருந்த எழுத்தெல்லாம் பிரிண்டரில் அச்சாகி வரும், விசைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அப்படிக் காகிதத்தில் வந்ததைப் படி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அப்புறம், 'கையெழுத்துப்படி' என்று காலம்காலமாக எழுதுகிறோமே, அதை யாராவது 'கையெழுத்தின்படி' என்று படித்ததுண்டா? அகவிலைப்படி வாங்குகிறவர்கள் அவ்வளவு விவரம் தெரியாதவர்களா?

கையேடு உங்களுடையது, போடுங்கள். நான் எடுக்கும் வகுப்பில் திரைப்படிதான்.